மாடியில் நடக்காதவர்

மாடியில் குடியிருக்கும் பெண் ஒரு நாள் மத்தியானம், பிழிந்த துணி வாளியோடு படியில் நின்றபடி கேட்டாள்.

"ஆன்ட்டி, மொட்டை மாடியில யாராவது நடக்குறாங்களா?"

"யாரும்மா நடப்பா? சாவி உங்கிட்டதான இருக்கு?"

"அதான் ஆன்ட்டி. சாவி எங்கிட்டதான் இருக்கு. ஆனா சத்தம் கேக்குது. அந்தக் கோடி வரைக்கும் போயி, திரும்பி, மறுபடி இங்க வர்றாப்புல."

பூனையாக இருக்கும் என்றேன். அவள் நம்பவில்லை. எனக்கு முன்பே தெருமுனைக் கடைக்கார அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். அக்கா முட்டையைக் காகிதத்தில் சுற்றியபடி சொன்னாராம்: "அது முசியேம்மா. உச்சி வெயில்ல தெருவே தூங்குறப்ப அவரு மேல நடப்பாரு. நடந்தாத்தான் அவருக்கு யோசனை ஓடும். தங்கமான மனுசன், ஒண்ணும் பண்ணமாட்டாரு. நீ பாட்டுக்குத் தூங்கு."

கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே தொட்டியில் வைத்துவிட்டேன். பிரெஞ்சு மரியாதையில் தெரு முசியே என்று கூப்பிட்ட அந்த மனிதர், இறந்துபோன எங்கள் பழைய குடித்தனக்காரர், மொட்டை மாடியில் ஒரு நாளும் நடந்ததில்லை. நடக்க முடியாது அவருக்கு. இடுப்பெலும்பில் ஏதோ கோளாறு; படியேறினால் ஒரு கால் அழுந்தி விழும், மற்றது இழுபடும். அறையில் எந்நேரமும் சுருட்டிய பாய்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடையை அவருக்குக் கொடுத்தது நான். என் புத்தகத்தில் கொடுத்தேன்.

நான் பத்தாவது வரை படித்தவள். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனியில் பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி ஒட்டும் வேலை பார்த்தேன். முதுகு விட்டுப்போனதும் நின்றுவிட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டில்கூட பந்தி நடக்கிற பக்கமே இருந்துவிட்டு வந்துவிடுவேன். பேசாததை எழுதிப் பார்க்கிற பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. சின்னப் பத்திரிகைகளில் சில கதைகள் வந்தன.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப் பகுதியை வாடகைக்கு எடுத்தவர் அவர். பிரான்சில் பல வருஷம் இருந்து கணக்கில் ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்தவர் என்று சொன்னார்கள். மனைவியோடு ஒத்துப்போகாமல் தனியாகத் திரும்பி வந்தவர். என்ன ஆராய்ச்சி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கெங்கிருந்தோ அவருக்குக் காகிதங்கள் வரும். பார்த்துத் திருத்தி அனுப்புவார். பெரிய பெரிய ஆட்கள் காரில் வந்து, எங்கள் குறுகின படியில் தலை இடித்துக்கொண்டு ஏறி, அவர் முன்னால் கைகட்டி உட்கார்ந்து போவார்கள். மத்தியானச் சாப்பாடு நான்தான் செய்து கொடுத்தேன்.

அவர் இறந்து ஒரு வருஷம் ஆனபிறகு அவரை வைத்து ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். முதலில் அவர் இருந்தபடியே எழுதினேன். காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே மேலிருந்து குரல் வரும்: "இன்னிக்கு என்னா மீனும்மா?" சங்கரா என்றால் சந்தோஷம், காரப்பொடி என்றால் பெருமூச்சு. எதைக் கேட்டாலும் அவர் முதலில் சொல்வது "தெரியலியேம்மா" என்பதுதான்.

ஒரு தடவை கேட்டேன், "கடலுக்கு இவ்ளோ பக்கத்துல இருக்கோம், நம்ம கிணத்துத் தண்ணி மட்டும் ஏன் சார் உப்புக் கரிக்கல?" என்று. தெரியலியேம்மா என்றார். நான் மறந்துவிட்டேன். சில நாள் கழித்து நான் முற்றத்தில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருக்கும்போது படிப்படியாக இறங்கி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தத் தண்ணி விசயம் கேட்டியே..."

"எந்தத் தண்ணி சார்?"

"கிணத்துத் தண்ணி. எனக்கு அது படிச்ச விசயம் இல்ல. தெரிஞ்சவங்க ரெண்டு பேரக் கேட்டேன். ரெண்டு பேரும் வேற வேற சொல்றாங்க. ஒருத்தரு சொல்றது சரியா இருக்கும்னு தோணுது. ஆனா உறுதியாச் சொல்லமாட்டேன்."

பிறகு மண்ணுக்குள் நல்ல தண்ணீர் எப்படி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கும் என்று நின்றபடியே விளக்கினார். கால் வலித்திருக்கும். பாதி எனக்குப் புரியவில்லை. மீன் பாதியிலேயே காய்ந்துபோனது.

இதையெல்லாம் எழுதிப் பதிப்பகத்துக்குக் கொடுத்தேன். சிறிய பதிப்பகம்தான், ஒருவரே எல்லாம் பார்ப்பார். படித்துவிட்டு நல்லவிதமாகத்தான் சொன்னார்: "நல்லா இருக்கும்மா. ஆனா இவரு பெரிய அறிவாளின்னு படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? சாப்புடுறாரு, உக்காந்திருக்காரு, தெரியலேங்குறாரு. என் மாமனாரும் அதத்தான் பண்றாரு."

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னது சரி என்றே பட்டது. என்னைவிட நூறு மடங்கு அறிவுள்ள ஒருவரின் தலைக்குள் நான் எப்படிப் போவது? அவர் யோசித்தது என்னவென்றே தெரியாதபோது, யோசிக்கிறார் என்பதை மட்டும் எப்படிக் காட்டுவது? எனக்குத் தெரிந்த அறிவாளிகள் எல்லோரும் டிவியிலும் சினிமாவிலும் பார்த்தவர்கள். அவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இவருக்குப் போட்டேன். தங்கப் பிரேம் கண்ணாடி போட்டேன். சாப்பிட மறக்க வைத்தேன். இரண்டு காலுக்கும் வேறு வேறு செருப்பு மாட்டினேன். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் அங்கும் இங்கும் நடக்க விட்டேன். எது கேட்டாலும் சட்டென்று பதில் சொல்ல வைத்தேன். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் புத்தகத்தில் அவர் சொல்கிறார்: "கடலுக்கு அண்டை வீட்டு மரியாதை தெரியும் அம்மா." அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். யாரோ அதைப் போட்டு வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்ததாக என் வீட்டுக்காரர் வந்து காட்டினார்.

அறிவாளிக்கு உள்ளே ஒரு துக்கம் வேண்டும் என்றும் எனக்குத் தோன்றியது. அவர் அலமாரியில் ஒரு போட்டோ இருந்தது. பனியில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் சின்னப் பெண். "யாரு சார், பொண்ணா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். "ம்" என்றார். அடுத்த வார்த்தை மீனைப் பற்றி. அத்தனை வருஷத்தில் தன் மகளைப் பற்றி அவர் சொன்னது அந்த ஒரு "ம்" மட்டும்தான். புத்தகத்தில் அவர் மகளை நினைத்து உருகினார். ஒரு மத்தியானம் நடையை நிறுத்திவிட்டுச் சொல்கிறார்: "என் மகள் தூரத்தில் இல்லை. பக்கத்து அறையில்தான் படித்துக்கொண்டிருக்கிறாள். கதவுதான் கொஞ்சம் தூரம்."

அந்த வரி எனக்கு வெங்காயம் உரிக்கும்போது வந்தது. கையைக்கூடக் கழுவாமல் எழுதிவைத்தேன்.

புத்தகம் வந்தபிறகு எங்கள் தெருவில் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர்களே பார்த்ததாக ஆகிவிட்டது. இஸ்திரி போடுபவர், அவருடைய வேறு வேறு செருப்பைத் தான்தான் முதலில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். எதிர்வீட்டுப் பெரியவர், அவர் சாப்பிட மறந்த ஒரு நாளில் தானே இட்லி வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னார். பொய் என்று தெரிந்து யாரும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சொன்னார்கள். காலை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தவரை ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

எனக்கே சரியாக ஞாபகம் வரவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. அவர் கண்ணாடி போட்டிருந்தாரா? படிக்கும்போது மட்டுமா? கண்ணை மூடினால் தங்கப் பிரேம்தான் வருகிறது. நானே மாட்டியதை என்னாலேயே கழற்ற முடியவில்லை.

மாடிப் பெண் வந்து கேட்ட அடுத்த வாரம் நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. அந்தக் கோடிக்குப் போய், நின்று, திரும்பி வந்தது. பூனை இல்லை. தண்ணீர்க் குழாய் சூட்டில் விரிகிற சத்தமும் இல்லை. நான் பயந்தது அதற்கல்ல. இரண்டு காலும் ஒரே மாதிரி விழுந்தன. இழுபடும் கால் அதில் இல்லை. நல்ல கால்கள் உள்ள ஒருவர் நடந்தார். நான் எழுதியவர்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மாத்திரை போட்டியா?" என்றார்.

அந்த மாதக் கடைசியில்தான் மகள் வந்தாள். கல்லறைத் திருநாளுக்கு முன்பே அப்பாவின் கல்லறைக்குக் கல் வைத்துவிட வேண்டும் என்று பாரீசிலிருந்து வந்திருந்தாள். அவர் இறந்தபோது மாதா கோயில்காரர்கள்தான் எல்லாம் செய்தார்கள். ஒரு சிமெண்டுச் சிலுவை மட்டும் நட்டிருந்தார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் அவளுக்கு. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து யாரோ அனுப்பிய என் புத்தகத்தை அவள் அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கிறார்.

எங்கள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "பப்பா எங்கள விட்டு வந்தப்ப எனக்கு ஒன்பது வயசு. அதுக்கப்புறம் ஒரு போன் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்கள மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. இதக் கேட்டப்புறம்தான் ஆன்ட்டி..." காகிதம் மடித்து வைத்திருந்த பக்கத்தைத் திறந்து, எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள். "இதத்தான் கல்லுல போடப்போறேன். கதவுதான் கொஞ்சம் தூரம்."

மாடிப் பெண்ணும் கடைக்கார அக்காவும் அவளைப் பார்க்க வந்து நின்றார்கள். மாடிப் பெண் ஆர்வம் தாங்காமல், "உங்கப்பா இன்னும் மேல நடக்குறாரு அக்கா, நானே கேட்டேன்" என்றாள். மகளின் முகம் விரிந்ததைப் பார்த்தேன். எழுந்து மேலே போகப் பார்த்தாள். போய்விட்டால் பிறகு என்னால் சொல்லவே முடியாது என்று தெரிந்தது.

"உக்காரும்மா," என்றேன். "அவரு நடக்கமாட்டாரும்மா. கால் சரியில்ல அவருக்கு. நடக்குறதெல்லாம் கதைக்காக நான் எழுதுனது."

"அப்படியா," என்றாள். பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அத்தை வாசித்ததை நினைவிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.

"சாப்பிட மறக்குறது? அது பப்பாவா, நீங்களா?"

"நான்தாம்மா. அவரு ஒரு வேளை மறந்ததில்ல."

"செருப்பு?"

"நான்."

"கண்ணாடி?"

"தெரியலம்மா," என்றேன். அது உண்மை.

பிறகு குரலைத் தாழ்த்தி, "கதவு?" என்றாள்.

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். விட்டுவிடு என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவள் கேட்டது வரியைப் பற்றி இல்லை. அப்பா தன்னை நினைத்தாரா என்றுதான் கேட்டாள். அதற்கு அவர் வாயால் ஒரு பதிலை நானாக எப்படிச் சொல்வது?

"அதுவும் நான்தாம்மா."

கடைக்கார அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"ஏன்டி, உனக்கு என்னா ஆச்சு? நீயா? என் கடையில நின்னு சொன்னாருடி! இந்தக் கையால ரெண்டு முட்டை குடுத்தேன், வாங்கிக்கிட்டு அப்படியே வானத்தப் பாத்துச் சொன்னாரு, எம்மவ தூரத்துல இல்ல, பக்கத்து ரூம்புலதான் படிக்குறா, கதவுதான் கொஞ்சம் தூரம்னு. எனக்கு ஒடம்பு சிலுத்துப்போச்சு. இந்தப் பொண்ணு முன்னாடி நின்னு பொய் சொல்வேனா நான்?"

"அக்கா, அத நீங்க புத்தகத்துல..."

"எனக்கு எங்கடி படிக்க வரும்? காதால கேட்டதச் சொல்றேன். பத்தாவது படிச்ச நீ யோசிச்சா இப்படி வருமா? அவரு வாயில வந்தத நீ எழுதி வச்ச. எழுதுனதும் பெரிய விசயந்தான், நான் இல்லேங்கல."

வெங்காயம் உரிக்கும்போது வந்த வரி என்று சொன்னால் சிரிப்பார்கள். மகளைப் பார்த்தேன். அவள் அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரை நம்புவதென்று அவள் தேடியது எனக்குத் தெரிந்தது. ஒரு பக்கம் கண்ணால் பார்த்த சாட்சி. இன்னொரு பக்கம், தரையைப் பார்த்துப் பேசுகிற ஒரு பொம்பளை.

உண்மையான ஒன்றையாவது அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று தவித்தேன். "உன் போட்டோ வச்சிருந்தாரும்மா," என்றேன். "அலமாரியில. தெனம் பாக்குற எடத்துல. பனியில நிப்ப. செவப்புக் கோட்டு போட்டுக்கிட்டு."

அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். "எங்கிட்ட செவப்புக் கோட்டு இருந்ததில்லையே ஆன்ட்டி. நீலம்தான்."

போட்டோ இருந்தது. அது நிச்சயம். கோட்டு என்ன நிறம்? புத்தகத்தில் சிவப்பு. நான் பார்த்ததா, எழுதியதா? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் மூளையைக் கசக்கினேன். பனி வந்தது, அலமாரி வந்தது, கோட்டு சிவப்பாகவே வந்தது. அந்தப் போட்டோ அவர் சாமான்களோடு எங்கேயோ போய்விட்டது.

"நீலமா இருக்கும்மா," என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதைப்போல ஒலித்தது.

அவள் மேலே போகவில்லை. காபியைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு போனாள். கல்லில் என்ன போடப்போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து மாடியில் நடை கூடிப்போனது. மாடிப் பெண்ணுக்குப் பழகிவிட்டது. அந்தச் சத்தத்தில் தன் கைக்குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்றாள். நான்தான் ஒவ்வொரு முறையும் அது கோடிக்குப் போய்த் திரும்பும்போது காதைத் தீட்டிக்கொண்டேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு கால் இழுபட்டால் போதும் என்று காத்திருந்தேன். அவர் வரவே இல்லை.

கல்லறைத் திருநாளன்று தெருவிலிருந்து நிறைய பேர் போனோம். எங்கள் பக்கத்தில் அதற்கு மதம் பார்ப்பதில்லை; தெரிந்தவர் படுத்திருந்தால் ஒரு மெழுகுவத்தியாவது ஏற்றிவிட்டு வருவார்கள். எல்லாக் கல்லறைகளிலும் புது வெள்ளை, சாமந்தி, ஊதுவத்திப் புகை. அவருடையது புதுக் கருங்கல். மகள் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பேரும் வருஷமும் போட்டு, கீழே மூன்று வரி. என் வரிகள். அதற்கும் கீழே, இரண்டு பக்கமும் ஒரு சின்னப் பூ செதுக்கி, சொன்னவர் என்று மறுபடியும் அவர் பேர்.

அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் பேசினாள்.

"நீங்க சொன்னத நம்பினேன் ஆன்ட்டி. பப்பா இப்படிப் பேசமாட்டாங்கன்னு அத்தை வாசிச்சப்பவே அம்மா சொன்னாங்க. அவங்க எதுக்கும் பதிலே சொல்லமாட்டாங்களாம்."

"அப்புறம் ஏம்மா?"

"வெறும் கல்ல வச்சுட்டுப் போக முடியல," என்றாள். "எனக்கு இது வேணும்."

பங்குச் சாமியார் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டு வரிசையாக வந்தார். எங்கள் கல்லறைக்கு வந்ததும் குடும்பத்தில் யாராவது ஒருவர் வாசிக்கலாம் என்றார். மகள் கல்லைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. என் முழங்கையைத் தொட்டு, "நீங்க படிங்க," என்றாள்.

தெருவே சுற்றி நின்றது. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் நாலு பேர் முன்னால் எதையும் வாசித்ததில்லை. இது பொய் என்று மறுபடியும் சொல்ல அங்கே இடம் இருந்தது. ஆனால் அது யாருக்குத் தேவை என்று எனக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் என் முழங்கையை விடவில்லை. கல்லைப் பார்த்து, எனக்கே கேட்காத குரலில் ஆரம்பித்தேன்.

"என் மகள் தூரத்தில் இல்லை..."

கூட்டத்தின் பின்னாலிருந்து கடைக்கார அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தார்: "சத்தமாப் படிடி! அவரு என் கடையில எவ்ளோ சத்தமாச் சொன்னாரு தெரியுமா?"

நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன்.